கரை இறங்கும் என்ஜின் வண்டி

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடையில் மூன்று ஏக்கரில் சம்பா போடுகிறவர் அவர். வயது 63. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தாலும், அவர் வயலோரத்து வாய்க்காலில் தண்ணீர் மடை மட்டத்துக்கு ஏறி நிற்பது கொஞ்ச நாள்தான். மற்ற நாளெல்லாம் அடியிலேயே கிடக்கும். ஆயில் என்ஜின் வைத்து இறைத்தால்தான் பயிர். பழைய கார் அச்சில் இரண்டு டயரை மாட்டி, மேலே இரும்புச் சட்டம் போட்டு, பட்டறையில் செய்த வண்டியில் 5 குதிரைத்திறன் என்ஜினை ஏற்றி வைத்திருக்கிறார். பம்பு, டீசல், ஹோஸ் எல்லாம் சேர்ந்தால் எடை 300 கிலோவுக்குக் குறையாது.

சமதரையில் அந்த வண்டியை அவர் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு போவார். ஆபத்து தொடங்கியதே அங்கேதான். தெருவில் லேசாக உருளுகிற வண்டி கரையிலும் சொன்னபடி கேட்கும் என்று இருபது வருஷமாக நம்பியிருந்தார். அவர் இறக்கும் முறை இதுதான்: வண்டிக்கு முன்னால் நின்று, இழுகம்பியை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்குவார். பின்னால் அவர் மனைவி கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தபடி வருவார்.

போன வருஷம் ஐப்பசியில் ராத்திரி பெய்த மழைக்குக் களிமண் கரை எண்ணெய் தடவினதுபோல் இருந்தது. பாதி இறங்கும்போது குதிகால் வழுக்கியது. அவர் பக்கவாட்டில் விழ, ஒரு சக்கரம் இடது காலில் ஏறி இறங்கியது. வண்டி நேராக வாய்க்காலுக்குள் போயிற்று. கயிற்றைச் சுற்றியிருந்ததால் அந்த அம்மாவும் நாலடி தூரம் இழுபட்டார். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு நழுவியதால் அவர் தப்பினார். கீழெலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. நடவுக்குப் பிறகு களை எடுத்தது, உரம் போட்டது, என்ஜினை மேலே தூக்கிப் பழுது பார்த்தது எல்லாம் அந்த அம்மாவும் மருமகளும்தான்.

படுத்திருந்தபோதுதான் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் பத்தடி நீளத்துக்கு மூன்றடி இறக்கம். அப்படியென்றால் 300 கிலோவில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 90 கிலோ அளவுக்கு வண்டி கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஈரக் களிமண்ணில் நிற்கிற ஒரு மனுஷனால் அதைத் தாங்க முடியுமா? "இருபது வருஷம் தாங்கினது என் பலம் இல்ல, காய்ஞ்ச மண்ணு" என்கிறார் இப்போது.

இன்று வண்டியின் பள்ளப் பக்கம் யாரும் நிற்பதில்லை. இழுகம்பி மேட்டுப் பக்கம் இருக்க, என்ஜின்தான் முதலில் இறங்குகிறது. கரையில் ஒரு முற்றின பூவரசு நிற்கிறது. தேங்காய்நார் வடத்தின் ஒரு முனையை, இழுகம்பியின் நுனியில் அல்லாமல், அது சட்டத்தோடு சேரும் இடத்தில் கட்டுகிறார்கள். மறுபாதியை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார். வண்டியின் இழுவையை மரம் வாங்கிக்கொள்கிறது. கையில் வருவது அதில் சிறு பங்குதான். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் இப்போது சட்டம். நைலான் கயிறு வழவழவென்று ஓடும், அறுந்தால் விசிறியடிக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள்.

இன்னொரு பாடமும் கிடைத்தது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். சமதரையில் சரியாக நிற்கிற பாரம், இழுகம்பியை மேட்டுப் பக்கம் வைத்து இறக்கும்போது பின்பாரமாகிவிடும். கம்பி திடீரென்று மேலே தூக்கி, பிடித்திருப்பவரின் தாடையில் அடிக்கும். அதனால் பட்டறையில் போல்ட்டைக் கழற்றி, என்ஜினை இழுகம்பிப் பக்கம் நாலு அங்குலம் நகர்த்தி வைத்தார்கள். டீசல் கேனையும் ஹோஸையும் முன்கூட்டியே இறக்கித் தனியாகத் தூக்கிப் போகிறார்கள்.

ஏற்றும்போது முட்டுக்கட்டைதான் துணை. இரண்டு முக்கோணக் கட்டைகளை அச்சில் சிறு கயிற்றால் கட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் இழுபட விட்டிருக்கிறார். மூச்சு வாங்க நின்றால் வண்டி தானாகவே கட்டையில் உட்கார்ந்துகொள்ளும். கல்லை எடுத்து வைக்க யாரும் சக்கரத்துக்கு அடியில் குனிய வேண்டியதில்லை. சாய்வாக வளைத்து ஏற்றினால் சுலபம் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். இரட்டைச் சக்கர வண்டி பக்கவாட்டில் கவிழும், நேராகவே ஏற்றுவோம் என்று இவர் மறுத்துவிட்டார். புறப்படுமுன் இரண்டு டயரிலும் ஒரே அளவு காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார். ஒன்று தளர்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் ஒடியும்.

இத்தனை ஏற்பாடும் செய்து முடித்த பிறகு ஒரு நாள் மருமகள் கேட்டாள்: "மாமா, தண்ணிதானே மேல வரணும்? என்ஜின் ஏன் கீழ போகணும்?"

அவருக்குப் பதில் சொல்ல வரவில்லை. பம்பு நல்ல நிலையில் இருந்தால் ஆறு மீட்டர் ஆழத்திலிருந்துகூட உறிஞ்சும். கரையோ எட்டடிதான். அவர் அப்பா காலத்தில் வாங்கிய உறிஞ்சு ஹோஸ் குட்டை. அதற்காகத்தான் இத்தனை வருஷமும் என்ஜின் கீழே போய்க்கொண்டிருந்தது. இருபதடி ஹோஸும், தண்ணீர் திரும்ப இறங்கிவிடாதபடி நல்ல ஃபுட் வால்வும் வாங்கினார். வயலோரத்தில் இப்போது என்ஜின் பூவரசடியிலேயே நிற்கிறது. அக்கரையில் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கருக்கு மட்டும் கரை தாண்டி இறக்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் இந்த ஐப்பசியில் மழைக்கு மறுநாள் அவர் வடத்தை எடுத்துத் தோளில் போட்டபோது, அந்த அம்மா வாசலில் நின்று, "என்னங்க, கரை காயட்டும்" என்றார். அவர் வடத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.