லிமிட்டுக்குள்ளதானே இருக்கு சார்?

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். புதுசாகச் சேரும் பி.இ. பிள்ளைகளிடம் முதலில் ஒரு கண்ட்ரோல் சார்ட்டை நீட்டுவது வழக்கம். போன மாதம் வந்த பெண் யு.சி.எல்., எல்.சி.எல். (மேல், கீழ் கண்ட்ரோல் லிமிட்) ஃபார்முலாவை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். சார்ட்டில் எட்டு ஒன்பது புள்ளிகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. "லிமிட்டுக்குள்ளதானே இருக்கு சார்?" என்றாள். டூல் தேய்ந்துகொண்டே வருகிறது என்று கத்துகிற படம் அது!

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் 100 மார்க் தாளில் பார்ட் ஏ 20, பார்ட் பி 65, யோசிக்க வைக்கும் பார்ட் சி-க்கு வெறும் 15தான் இருந்தது. 'கான்செப்ட் புரியணும்' என்று சொல்லும் அதே வாத்தியார்தான் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' பட்டியலும் தருகிறார். பிள்ளைகள் எதை நம்புவார்கள்? பட்டியலைத்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

ஸ்வீடனில் மார்ட்டன், சால்யோ என்ற இருவர் 1976-லேயே இதை எழுதிவிட்டார்கள்: என்ன கேட்கப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்புதான் மாணவர் படிக்கும் விதத்தையே மாற்றுகிறது.

ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரப் பேராசிரியர்களே, ஒரு சார்ட்டைக் கேள்வித்தாளில் போட்டு, "மெஷினை நிறுத்துவாயா, ஏன்?" என்று கேளுங்களேன். சார்ட் வேண்டுமானால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், கம்பெனி விவரங்களை எடுத்துவிட்டு மாதிரி வரைந்து தருகிறேன்.