மூன்று பூட்டுப் பெட்டியும் சிறு உண்டியலும்

ஸ்கொட்லாந்து தேசத்தின் தென் எல்லையிலே, சொல்வே என்னும் கடற்கழி நிலத்தினுள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கின்றது. அதன் வடகரையை அடுத்துள்ள சிற்றூர் ஒன்றின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்போர் 'றுத்வெல்' என்பர். ஊரவரோ 'றிவெல்' என்கின்றனர். எம்மூர்ப் பெயர்களை அந்நியர் உச்சரிக்கக் கேட்டு நகைத்துப் பழகிய நாம், அன்று வழி கேட்ட இடத்திலே பிறர் நகைக்க இடங்கொடுத்தோம்.

2014ஆம் ஆண்டு ஆவணி மாதம் அது. கிளாஸ்கோ நகரில் வைத்தியராகப் பணிபுரியும் மைத்துனரின் இல்லத்திலே குடும்பத்துடன் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தோம். ஏரிகளையும் கோட்டைகளையும் காட்ட அவர் ஆயத்தமாயிருந்தார். நாம் றிவெல் கிராமத்துச் சேமிப்பு வங்கி நூதனசாலையைப் பார்க்க வேண்டுமென்றோம். அங்கே உலகின் பல பாகங்களிலிருந்தும் திரட்டிய உண்டியல்கள் இருக்கின்றன என்று சொன்னதும், "உண்டியல் பார்க்கவோ அத்தான் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று சிரித்தார். ஆயினும் மறுநாட் காலையிலேயே காரை வெளியில் எடுத்துவிட்டார்.

ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பிரயாணம். மலைகள் தாழ்ந்து தாழ்ந்து, ஈற்றிலே பசும்புல் வெளியும் மாடுகளுமாய் நிலம் சமமாகிவிடுகின்றது. கழிக்கரையிலே சிறிது நேரம் நின்றோம். நீர் வற்றியிருந்த வேளையாதலின் கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் மணலும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. குளிர்காற்றை நீக்கிவிட்டால், அது நாவற்குழிப் பாலத்தடியிலே நின்று பார்க்கும் காட்சிதான். அந்த நினைவு எம்மை விட்டு அன்று முழுவதும் அகலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

நூதனசாலை என்றதும் பெரிய மாளிகையை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். வீதியோரத்திலே வெண்சுவரோடு கூடிய ஒரு சிறு வீடு, அவ்வளவே. அந்த வீட்டிலேதான் 1810ஆம் ஆண்டு ஹென்றி டங்கன் என்னும் கிறிஸ்தவ குருவானவர் தம் கிராம மக்களுக்காக ஒரு வங்கியைத் திறந்தார். தன் அலுவலைத் தானே நடத்தி நிலைத்த முதலாவது சேமிப்பு வங்கி அதுவே என்பர். குருப்பணிக்கு வருமுன் லிவர்ப்பூல் நகரத்து வங்கியொன்றிலே சில காலம் வேலை பார்த்தவர் அவர். ஆகவே வங்கியின் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறவாது என்பதை உள்ளேயிருந்தே கண்டிருந்தார். அக்காலத்து வங்கிகள் பத்துப் பவுணுக்குக் குறைந்த தொகையை வைப்பாக ஏற்பதில்லை. டங்கன் ஆறு பென்ஸ் கொண்டுவந்தாலும் கணக்குத் திறந்தார். பத்துப் பவுண் என்றால் நானூறு ஆறு பென்ஸ் நாணயங்கள். பண்ணைக் கூலியாள் அவற்றை ஒருசேர என்று காண்பது? முதலாண்டு முடிவில் அவ்வேழைகளின் வைப்பு 151 பவுணாயிற்று.

பத்துப் பவுண் எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு அவ்வூர் எல்லையிலேயே ஒரு சாட்சி இருக்கின்றது. கிராமத்துக்கு அணித்தாக 'புறோ' என்னும் ஊற்றுக் கேணி உண்டு. கவிஞர் றொபேட் பேண்ஸ் 1796ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, நோய் முற்றிய நிலையில், அந்நீரைப் பருகியும் கடலில் நீராடியும் குணம் பெறலாமென்று வந்து தங்கிய இடம் அது. துணிக்கடைக் கடனுக்காகச் சிறையிடப்படுவோமோ என்று அஞ்சி, உறவினர் ஒருவருக்குப் பத்துப் பவுண் கேட்டும் நண்பர் ஒருவருக்கு ஐந்து பவுண் கேட்டும் அங்கிருந்து கடிதம் எழுதினார். அம்மாதம் 21ஆந் திகதி இறந்தார். வயது முப்பத்தேழு. டங்கன் அக்கிராமத்துக்குக் குருவாக வந்தது அதற்கு மூன்றாண்டுகளின் பின்னரே.

இனி அந்தப் பெட்டி. ஸ்கொட்லாந்து மக்கள் 'கிஸ்ட்' என்று வழங்கும் அப்பெட்டியிலே கிராமத்தவரின் வைப்புப் பணம் இடப்பட்டது. அதற்கு மூன்று பூட்டுக்கள், மூன்று திறப்புக்கள், அவற்றை வைத்திருந்தோர் மூவர். மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. குருவானவர் தம்மையும் நம்பவில்லை என்று கொள்ளலாகாது. தம்மை நம்பும்படி பிறரை நிர்ப்பந்திக்க அவர் விரும்பவில்லை என்பதே பொருத்தம். எம் கோயில்களிலும் உண்டியல் திறக்கும் நாளில் தருமகர்த்தாக்கள் கூடி நிற்பது இதே நியாயம் பற்றியதன்றோ? பொதுப் பணத்துக்குப் பல கண்கள் வேண்டும்.

ஆனால், சொந்தப் பணத்துக்கு?

அடுத்த அறையிலே வரிசை வரிசையாக இருந்த சிறு உண்டியல்களின் முன் நின்றபோது இக்கேள்வி எழுந்தது. அவற்றுள் பல, உள்ளங்கையில் அடங்குவன. சிறு புத்தக வடிவின. பிடியுள்ள சிறு பேழை போல்வன. இவற்றைத் திருடுகின்றவன் பூட்டை உடைக்க மெனக்கெடான். உண்டியலையே சட்டைப் பையில் இட்டுக்கொண்டு போவான். அப்படியாயின் இவ்வளவு நுட்பமான பூட்டு எதற்கு? உடையவனுக்காகவே என்பதைத் தவிர வேறு விடையில்லை. இன்று மாலை மிட்டாய் வாங்க விரும்புபவனுக்கும், அடுத்த வருடம் புத்தகம் வாங்க விரும்புபவனுக்கும் இடையிலே அந்தப் பூட்டு நிற்கின்றது. இருவரும் ஒருவரே என்பதுதான் வேடிக்கை.

மாணவர்களுக்காக அதன் அமைப்பைச் சிறிது விளக்குவோம். உண்டியலுக்குக் காவல் இரண்டு. முதலாவது, காசு புகும் வாயிலே இருக்கின்றது. அவ்வாயின் உட்புறத்திலே மெல்லிய உருக்குத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். காசு புகும்போது அவை வளைந்து இடங்கொடுக்கும். புகுந்தபின் நிமிர்ந்து வழியை மறிக்கும். கவிழ்த்துக் குலுக்கினாலும், கத்தி அலகைச் செருகி அதன்மேற் காசை வழுக்கி எடுக்க முயன்றாலும் பற்கள் விடா. (கத்தி அலகு வித்தையை நாம் விளக்கமாக எழுதுவதைக் கண்டு பெற்றோர் சினந்துகொள்ள வேண்டாம். பிள்ளைகள் அதை எம்மிலும் நன்கறிவர்.)

இரண்டாவது காவல், அடியிலோ பக்கத்திலோ உள்ள கதவின் பூட்டு. நல்ல உண்டியல்களில் இது நெம்புத் தகட்டுப் பூட்டாக இருக்கும். தாழிலே ஒரு சிறு முளை. அம்முளைக்கு எதிரே, வில்லினால் அழுத்தப்பட்ட இரண்டு மூன்று தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. திறப்பின் படிகள் தகடுகளை உயர்த்துகின்றன. எல்லா வெட்டுக்களும் ஒரே நேரில் வந்து நின்றால் முளை அவற்றினூடே செல்லும், தாழ் விலகும். ஒரு தகடு ஒரு நூலளவு குறைய உயர்ந்தாலும், கூட உயர்ந்தாலும் முளை தடைப்படும். வீட்டு வாசற் பூட்டிலே உள்ள அதே தத்துவந்தான்; அளவு மட்டுமே சிறியது.

இந்த உண்டியல்களின் உண்மையான நுட்பம் தகட்டிலும் இல்லை, பல்லிலும் இல்லை. திறப்பு எங்கே இருக்கின்றது என்பதிலேயே இருக்கின்றது. உண்டியல் வீட்டில், திறப்பு வங்கியில். நிரம்பியதும் பிள்ளை அதனைச் சுமந்துகொண்டு வங்கிக்குச் செல்லவேண்டும். அலுவலர் திறந்து எண்ணி, புத்தகத்திற் பதிந்து, வெறும் உண்டியலைப் பூட்டித் திருப்பித் தருவார். டங்கனின் மூன்று திறப்பு முறையிலிருந்து பிறந்த சிறு பேரப்பிள்ளை இது என்று எமக்குத் தோன்றியது.

அமெரிக்கரோ வேறொரு வழி கண்டனர். பத்துச் சத நாணயத்தை மட்டும் ஏற்கும் சிறு தகர உண்டியல் ஒன்று 1930களில் அங்கே பிள்ளைகளிடையே பரவியிருந்தது. பொப்பாயின் படம் தீட்டியவையும் உண்டு. அதற்குத் திறப்பே இல்லை. முதலாவது நாணயம் விழுந்ததும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாணயத்துக்கும் உள்ளே பற்சக்கரம் நகர்ந்து, சேர்ந்த தொகையைச் சிறு சாளரத்திலே காட்டும். ஐந்து டொலர், அதாவது ஐம்பதாவது நாணயம், விழுந்ததும் தானே திறந்துகொள்ளும். பொறுமையே திறப்பு. கெட்டிக்காரத்தனந்தான், ஆயினும் நாற்பத்தொன்பதாவது நாணயத்தோடு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என் செய்வது என்று அதைச் செய்தவர் நினைத்துப் பார்த்தாரோ?

இவ்வாறு கேட்க எமக்கு நியாயம் உண்டு. எம் இளமையிலே, வீட்டுக்கு அண்மையிலிருந்த வங்கிக் கிளையொன்று எம் தங்கைக்கு ஒரு தகர உண்டியலைக் கொடுத்திருந்தது. திறப்பு, வழக்கம்போல, வங்கியில். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுக் கிழக்கு நோக்கி நடந்ததை வாசகர்கள் அறிவர்; அறியாத மாணவர்களுக்கு அவர்தம் பெற்றோர் சொல்லியிருப்பர். எமக்கு அப்போது பதினைந்து வயது, தங்கைக்கு ஏழு. இரவு, மழை, நகர இடமில்லாத சனக்கூட்டம். நாவற்குழிப் பாலத்தை எப்போது கடந்தோம் என்பதே தெரியவில்லை. விடிந்தபின் பார்த்தால், தங்கையின் கையிலே அந்த உண்டியல் இருந்தது.

தென்மராட்சியிலே ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கியிருந்தோம். மூன்றாம் வாரம் தங்கைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தந்தையார் கையிலிருந்தது முழுவதும் முன்னரே கரைந்துவிட்டது. அன்னையார் உண்டியலைக் கொண்டுவந்து அவர் முன்னே வைத்தார், ஒன்றும் பேசவில்லை. தந்தையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சதக் கணக்குக்கும் பிசகாத மனிதர் அவர். "காசு எங்கடை, பெட்டி எங்கடை இல்லை" என்றார். சிறிது நேரம் சென்றபின் வெளியே சென்று, அயலவரிடம் கோடரி வாங்கி, அதன் பிடங்கினால் அடித்தார். தகரம் நசுங்கியது, பூட்டு விடவில்லை. அவ்வளவு நல்ல பூட்டு. ஈற்றிலே கோடரியைத் திருப்பி அலகினாற் பிளந்தார். நூற்று முப்பத்தேழு ரூபாயும் ஐம்பது சதமும் இருந்தன. மருந்துக்கும் சிறிது பால்மாவுக்கும் போதியதாயிற்று. தங்கை பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பி, வங்கிக் கிளையும் மீண்டும் திறந்தபோது, தந்தையார் பிளந்த தகரத்தை ஒரு கடதாசியிற் சுற்றி எடுத்துச் சென்று, நடந்ததைக் கூறி, அதன் விலையைக் கொடுக்க முன்வந்தார். அலுவலர் விலையை வாங்கவில்லை. புதிய உண்டியலொன்றை நீட்டினார். தந்தையார் அதை வாங்கவில்லை. வீடு வந்து, தச்சரைக் கொண்டு மரத்தில் ஒரு பெட்டி செய்வித்து, ஆமைப்பூட்டொன்றைப் போட்டு, திறப்பைச் சுவாமி அறை ஆணியிலே தொங்கவிட்டார். அந்தப் பெட்டி ஒருபோதும் நிரம்பவில்லை. திறப்பு ஆணியில் இருப்பது வீட்டிலே எல்லோருக்கும் தெரியுமே! நாமே எத்தனை தடவை எடுத்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தந்தையாருக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் அவர் திறப்பை இடம் மாற்றவில்லை.

இத்தனையும் அந்தச் சிறு அறையிலே எம் மனத்தில் ஓடின. இலங்கைக்கும் இவ்வழக்கம் தாமதமின்றியே வந்து சேர்ந்தது. இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இல், அதாவது றிவெலுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், நிறுவப்பட்டது. 1972இல் அது தேசிய சேமிப்பு வங்கியுடன் ஒன்றாயிற்று. டங்கன் காலத்திலே கடிதமும் கப்பலுமே உண்டு என்பதை நினைக்கும்போது வியப்பாயிருக்கின்றது.

டங்கன் வேறு பலவும் செய்தவர். கற்பாறையிலே பதிந்த புராதன விலங்குகளின் அடிச்சுவடுகளை ஆராய்ந்து 1828இல் அறிஞர் சபைக்கு அறிவித்தார். சமயப் பூசலில் உடைத்தெறியப்பட்ட பழஞ்சிலுவையொன்றின் துண்டுகளைத் தேடிப் பொருத்தித் தம் தோட்டத்திலே நாட்டினார். பதினெட்டு அடி உயரமுள்ள அது இன்று கிராமக் கோயிலினுள்ளே நிற்கின்றது. அதன் சிற்பங்களுக்காகவே அறிஞர் பலர் அங்கு வருவராம். நாமும் போய்ப் பார்த்தோம். அதனைப் பற்றி எழுத எம்மிலும் தக்கார் உளர்.

நூதனசாலையை விட்டுப் புறப்படுமுன், அங்கே பொறுப்பாயிருந்த மூதாட்டியார், பிள்ளைகள் கையாளவென்று மேசைமீது வைத்திருந்த பழைய உண்டியலொன்றை எம் மகளிடம் கொடுத்தார். அவள் தன் சிறு பையிலிருந்து எம் நாட்டு ஐந்து ரூபா நாணயமொன்றை எடுத்தாள். நாம் பார்ப்பதற்குள் இட்டுவிட்டாள். மூதாட்டியார் சங்கடத்துடன் சிரித்தார். அந்த உண்டியலுக்கு மட்டும் திறப்பு இல்லையாம். எங்கிருந்தோ வந்தபோதே அப்படித்தானாம்.

"அது இனி எப்ப அப்பா வெளியிலை வரும்?" என்றாள் மகள்.

மைத்துனர் உண்டியலை வாங்கிக் கவிழ்த்துக் குலுக்கினார். பின்னர் வாயருகே கண்ணை வைத்து உள்ளே பார்த்தார். மறுபடியும் குலுக்கினார். காலையிலே எம்மைப் பார்த்துச் சிரித்தவரை அங்கிருந்து கிளப்புவதற்கு மேலும் அரைமணி நேரமாயிற்று.