பறவைகளின் தீவுக்கு ஒரு பயணத் திட்டம்

விடுமுறை என்றாலே நம் குடும்பங்களில் உறவினர் வீடு, கடைவீதி, கேளிக்கைப் பூங்கா என்று பேச்சு முடிந்துவிடுகிறது. இம்முறை எங்கள் பிள்ளைகள் கடற்பறவைகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வானில் சிறகுகளை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று அல்முல்க் அத்தியாயம் (67:19) நம்மிடம் வினவுகிறது. அவ்வாறிருக்க, பிள்ளைகளின் விருப்பத்தை மறுக்க எங்களுக்குக் காரணம் தோன்றவில்லை. லட்சத்தீவுக்குச் செல்வதென முடிவு செய்தோம்.

அரபிக்கடலில் சிதறிக் கிடக்கும் 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை 10 மட்டுமே. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். இந்தியக் குடிமக்களும் முன் அனுமதி பெற்றே அங்கு நுழைய இயலும் என்பதால், முதல் வேலையாக அனுமதிக்கு விண்ணப்பித்தோம். கொச்சியிலிருந்து கப்பலில் செல்ல, சேரும் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் ஆகும். தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். எனவே அம்மாதங்களைத் தவிர்த்தோம்.

கப்பலில் தொழுகையைப் பற்றியும் பேசிக்கொண்டோம். பயணிக்குரிய சலுகைப்படி நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கலாம். கப்பலின் ஆட்டத்தில் நிற்க முடியாதவர் அமர்ந்து தொழலாம். கப்பல் திரும்பும்போதெல்லாம் திசையும் மாறும் என்பதால், கிப்லாவை அறியத் திசைகாட்டி ஒன்றைப் பையில் வைத்தோம். கவரத்தியில் இறங்கிய பின் கவலையில்லை. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். மரச்செதுக்கு வேலைப்பாட்டுக்குப் பெயர்பெற்ற உஜ்ரா பள்ளிவாசலும் அங்கேதான் உள்ளது.

பிள்ளைகளின் கனவோ கவரத்தி அன்று. அதற்கு வடமேற்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிட்டி. மரமில்லாத, மனிதர் வாழாத சிறு மணல்திட்டு அது. பரப்பளவு சுமார் 1.2 ஹெக்டேர். ஆலா இனக் கடற்பறவைகள் அங்கே பெருந்திரளாகக் கூடி முட்டையிடுகின்றன. பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்ததும் இங்கேதான். இவ்வளவு தூரம் சென்று கரையிறங்காமல் திரும்புவதா என்றார்கள் இளையவர்கள். குஞ்சுகளை அருகில் நின்று படமெடுக்கும் ஆசை அவர்களுக்கு. முறையாக அனுமதி கேட்டுப் பார்க்கலாமே என்றும் வாதிட்டார்கள்.

அப்பறவைகளைப் பற்றிப் படித்தபோது விடை தெளிவாயிற்று. கரிய முதுகும் வெண்ணிற வயிறும் கொண்ட ஆலா, வெறும் மணலில் ஒரேயொரு முட்டை இடும். கூடு என்று சொல்ல எதுவும் இராது. மனிதர் நெருங்கினால் தாய் எழுந்து பறந்துவிடும். வெயிலில் சுடும் மணலில் முட்டை காப்பாரற்றுக் கிடக்கும். மணலின் நிறத்தோடு கலந்துவிடும் முட்டையை நம் காலே மிதித்துவிடவும் கூடும். நாம் படமெடுக்கும் சில நிமிடங்கள், ஒரு தாய்ப்பறவைக்கு அவ்வாண்டின் முழு உழைப்பாக இருக்கலாம்.

வீட்டுப் பெரியவர் ஒருவர் அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சியை நினைவூட்டினார். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனைத் துன்புறுத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். அதுவும் ஒரு பயணத்தில் நிகழ்ந்ததே என்று அவர் சொன்னபோது, இளையவர்கள் மறுப்பேதும் கூறவில்லை.

ஆகவே திட்டத்தை மாற்றினோம். பிட்டியில் இறங்குவதில்லை. கடல் அமைதியாக இருந்து, அனுமதியும் கிடைத்தால், தொலைவில் படகை நிறுத்தி இருநோக்கி வழியே பார்ப்போம். இல்லாவிடில், கவரத்திக் கரையிலிருந்தே பார்ப்போம். இரைதேடும் ஆலாக்கள் கடலெங்கும் பறந்து திரிபவை. அவை கூட்டமாகக் கடல்மேல் வட்டமிடுவதைக் கொண்டே சூரை மீன் திரளைத் தீவின் மீனவர்கள் கண்டறிகிறார்கள். அவர்களிடம் கேட்டால் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் (6:38) அறிவிக்கிறது. அப்படியானால் அவற்றின் தீவு அவற்றின் வீடு. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழையலாகாது என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். பறவையிடம் அனுமதி கேட்க வழியில்லை. எனவே வாசலிலேயே நின்றுவிடுவதுதான் நாம் காட்டக்கூடிய ஒழுக்கம்.

இன்ஷா அல்லாஹ், பருவமழை ஓய்ந்தபின் புறப்படுவோம். நீங்களும் குடும்பத்தோடு இத்தகைய பயணம் ஒன்றைத் திட்டமிடுங்கள். எதைப் பார்ப்பது என்பதோடு, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதையும் பிள்ளைகளோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.