229: அழியாத கோப்பின் பூர்வீகம்

நான்கு ஜிபி அளவுள்ள ஒரு திரைப்படக் கோப்பைப் பென் டிரைவுக்கு நகலெடுத்தால் சில நிமிடங்களாவது ஓடிவிடும். அதே கோப்பை அழிக்கக் கண் இமைக்கும் நேரம் போதும். எழுதியதையெல்லாம் கணினி உண்மையிலேயே துடைப்பதாக இருந்தால், எழுதுவதற்கு ஆன நேரம் துடைப்பதற்கும் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் அங்கே துடைப்பே நடக்கவில்லை. அப்படியானால் டெலீட் பொத்தானை அழுத்தும்போது என்னதான் நடக்கிறது, அதை அப்படி வடிவமைத்தவர்கள் யார், எதற்காக வடிவமைத்தார்கள் என்ற கேள்விகளோடு பழைய இயங்குதளங்களின் ஆவணங்களைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒரு முடிவு எனக்கு உறுதிப்பட்டது. வீட்டுக் கணினியில் அழிப்பு என்பது தொடக்கம் முதலே இடத்தை மீட்பதற்கான ஏற்பாடாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே எழுதியிருப்பது என்ன ஆகும் என்பதை யாரும் தீர்மானிக்காமல் விட்டுவிட்டார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் நிரம்பி வழிவதற்கும், விற்றுவிட்ட பழைய கணினியிலிருந்து வங்கி விவரங்கள் கசிவதற்கும் வேர் இந்த ஒன்றுதான்.

வீட்டுக் கணினிகளின் கிளையில் நான் பின்னோக்கிப் போய் நின்ற இடம் கேரி கில்டால் 1974 வாக்கில் எழுதிய சிபி/எம் என்ற இயங்குதளம். அதில் ஒவ்வொரு வட்டின் தொடக்கப் பகுதியிலும் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். கோப்பின் பெயர், அது வட்டில் எங்கெங்கே கிடக்கிறது என்ற குறிப்பு, அந்தக் கோப்பு எந்தப் பயனருக்கு உரியது என்று சொல்லும் ஒரு பைட் ஆகியவை ஒவ்வொரு வரியிலும் உண்டு. கோப்பை அழிக்கச் சொன்னால் சிபி/எம் செய்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பயனர் பைட்டில் 229 என்ற எண்ணை எழுதியது. பதினாறை அடிமானமாகக் கொண்ட கணக்கில் இதை ஈ5 என்று எழுதுவார்கள். பெயர் அப்படியே இருக்கும், இடக்குறிப்பும் இருக்கும், உள்ளடக்கத்தில் ஒரு பைட்கூட அசையாது. ஏன் 229 என்று பார்த்தால், அந்தக் காலத்து எட்டங்குல ஃபிளாப்பிகள் தொழிற்சாலையிலிருந்தே அந்த எண்ணால் நிரப்பப்பட்டு வந்தன என்ற விளக்கம் கிடைக்கிறது. 229 என்றால் காலி என்று வைத்துக்கொண்டால், புதிதாக வாங்கிய வட்டைத் தயார் செய்யத் தனி வேலை இல்லை, நேரே பயன்படுத்தலாம். ஆக, அழிக்கப்பட்ட கோப்பும் இதுவரை எழுதப்படாத இடமும் கணினியின் பார்வையில் ஒன்றாகிவிட்டன. ஒரு மனையின் பட்டாவை ரத்து செய்தால் அதன்மேல் நிற்கும் வீடு இடிந்து விழுவதில்லை, அந்த மனையை வேறொருவருக்கு ஒதுக்க வழி பிறக்கிறது, அவ்வளவுதான். இங்கே நடந்ததும் அதுவே.

1980-இல் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய இயங்குதளம் பிறகு மைக்ரோசாஃப்டின் கைக்குப் போய் எம்எஸ்-டாஸ் ஆனது. அவர் அதே 229-ஐ எடுத்துக்கொண்டார். ஆனால் டாஸின் பெயர்ப்பட்டியலில் வரியின் முதல் பைட் கோப்புப் பெயரின் முதல் எழுத்து. எனவே டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரில் முதல் எழுத்து மட்டும் காணாமல் போகும். பிற்காலத்தில் வந்த மீட்பு நிரல்கள் பயனரிடம் முதலில் அந்த ஓரெழுத்தைக் கேட்டதற்குக் காரணம் இதுதான். இந்த எண் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதற்கு ஜப்பான் சாட்சி. ஜப்பானிய எழுத்துக் குறியேற்றத்தில் 229-இல் தொடங்கும் காஞ்சி எழுத்துகள் உண்டு. அப்படி ஒரு பெயர் வைத்தால் கோப்பு பிறக்கும்போதே இறந்ததாகக் கணக்காகிவிடும். அதற்காக எண்ணை மாற்றாமல், அத்தகைய பெயர்களில் முதல் பைட்டுக்குப் பதில் 5 என்ற எண்ணை எழுதிவைக்கும் விதிவிலக்கைச் சேர்த்தார்கள். பல பென் டிரைவ்களிலும் மெமரி கார்டுகளிலும் இருக்கும் எஃப்ஏடி கோப்பு முறைமையில் அந்த 229-உம் இந்த 5-உம் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

உள்ளடக்கத்தைத் துடைக்காமல் விட்டதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் ஃபிளாப்பி ஒன்றில் 160 கிலோபைட்தான் கொள்ளும், அதையும் எழுதும் வேகம் மிகக் குறைவு. அந்தச் சூழலில் ஒரு கோப்பை முழுக்கத் துடைப்பது பயனரை வீணாகக் காக்க வைப்பதாகும். அடுத்த கோப்பு வந்து அதே இடத்தில் எப்படியும் எழுதிக்கொள்ளும். வட்டு சிறியதாக இருந்த காலத்தில் அந்த ‘அடுத்த கோப்பு’ சீக்கிரமே வந்தது, அதனால் கணக்கு சரியாக இருந்தது. வட்டு பெருத்தபோது கணக்கு பொய்த்தது. சில நூறு ஜிபி காலியாகக் கிடக்கும் வட்டில் அடுத்த கோப்பு குறிப்பிட்ட அந்த இடத்துக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளையே வரலாம், கணினியின் ஆயுள் முழுக்க வராமலும் போகலாம்.

இந்த இடைவெளியை முதலில் கவனித்தவர்கள் கோப்புகளைத் தவறி அழித்துவிட்டுத் தவித்தவர்கள். 1982-இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட நார்ட்டன் யுடிலிட்டீஸ் தொகுப்பு புகழ்பெற்றதற்கு அதிலிருந்த அன்இரேஸ் நிரல் முக்கியக் காரணம். அழிந்ததாகக் கருதிய கோப்பை அது எடுத்துக்கொடுத்தது. 1991-இல் எம்எஸ்-டாஸின் ஐந்தாம் பதிப்பிலேயே அன்டெலீட் என்ற கட்டளை சேர்ந்துவிட்டது. இங்கே ஒரு முக்கியமான திருப்பம் நிகழ்ந்தது என்பது என் வாசிப்பு. வேகத்துக்காகச் செய்த சிக்கனம் பயனருக்கான பாதுகாப்பாகப் பெயர் மாறியது. அதற்குப் பிறகு அழிப்பை இன்னும் தள்ளிப்போடுவதே நல்ல வடிவமைப்பு என்று ஆயிற்று.

தள்ளிப்போடும் எண்ணம் வீட்டுக் கணினிக்கு முந்தையது. பிடிபி-10 என்ற பெரிய கணினிக்காக உருவான டெனெக்ஸ், அதன் வழிவந்த டாப்ஸ்-20 ஆகியவற்றில் அழிக்க ஒரு கட்டளை, அழித்ததைத் திரும்பப் பெற ஒரு கட்டளை, அடியோடு விடுவிக்க எக்ஸ்பஞ்ச் என்று மூன்றாவது ஒரு கட்டளை இருந்தன. 1983-இல் வந்த ஆப்பிளின் லிசா, அழித்தல், விடுவித்தல் என்ற இரண்டு படிகளுக்குக் குப்பைக் கூடை என்ற முகத்தைக் கொடுத்தது, அடுத்த ஆண்டு மேக்கிண்டாஷ் அதைப் பரப்பியது. தொடக்ககால மேக்கில் கூடை தானாகவே காலியாகிவிடும். 1991-இன் சிஸ்டம் 7 தொடங்கி, பயனர் சொல்லும்வரை காத்திருந்தது. 1995-இல் விண்டோஸ் 95 ரீசைக்கிள் பின்னைக் கொண்டுவந்தது. அதன் உள்வேலையைப் பார்த்தால் ஒரு கோப்பு அங்கே போகும்போது வட்டில் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. பெயர் மாறுகிறது, மறைவான ஒரு ஃபோல்டரின் கணக்கில் சேர்கிறது. விண்டோஸ் விஸ்டா தொடங்கி, பழைய முகவரி, அளவு, அழித்த நேரம் ஆகியவற்றைத் தாங்கிய சிறு கோப்பு ஒன்றும் கூடவே பிறக்கிறது. அதாவது இடம் வேண்டும் என்று அழிப்பவருக்கு இந்தக் கட்டத்தில் துளி இடமும் கிடைப்பதில்லை, இருந்ததைவிட ஒரு கோப்பு அதிகமாகியிருக்கிறது. கூடைக்கு ஒதுக்கிய அளவு நிறைந்தால் பழையவை கேட்காமலே வெளியேறுகின்றன.

அழிப்பைத் தள்ளிப்போட்டது போலவே வரவேற்பையும் தள்ளிப்போட்டதுதான் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவும் அதே ஆண்டு அக்டோபரில் வந்த மேக்கின் லெப்பர்ட் பதிப்பும் பயனர் ஒவ்வொருவருக்கும் அந்த ஃபோல்டரைக் கொடுத்தன. அதற்கு முன் பல உலாவிகள் ஒவ்வொரு கோப்புக்கும் எங்கே வைக்கட்டும் என்று கேட்டன, அல்லது கண்ணெதிரே டெஸ்க்டாப்பில் போட்டன. கேள்வி எரிச்சலாக இருந்திருக்கலாம். ஆனால் அது ஒரு முடிவைக் கோரியது. இப்போது வரும்போது கேள்வி இல்லை, போகும்போதும் உறுதியான முடிவு இல்லை. 2018-இல் விண்டோஸ் 10-இன் டிஸ்க் கிளீன்அப் கருவி தன் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்தது. வழக்கம்போல எல்லாக் கட்டங்களிலும் டிக் செய்தவர்கள் வேண்டிய கோப்புகளையும் இழந்தார்கள். பிறகு அந்த வசதி அங்கிருந்து நீக்கப்பட்டது. தற்காலிகக் கோப்பையும் வீட்டுப் பத்திரத்தின் நகலையும் இயந்திரத்தால் தரம்பிரிக்க முடியாது என்பதை அந்தச் சம்பவம் காட்டுகிறது.

பழைய வட்டுகள் பேசும் கதை இன்னும் கடுமையானது. எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலத்தும் 2000 நவம்பருக்கும் 2002 ஆகஸ்டுக்கும் இடையில் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் குறிப்புகள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பல வட்டுகள் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தன, அதாவது விற்றவர்கள் கவனமாக இருந்ததாகவே நம்பியிருக்கிறார்கள். அன்றைய ஃபார்மட் பெயர்ப்பட்டியலைத்தான் புதிதாக எழுதியது. முழு ஃபார்மட் செய்தால் வட்டு முழுக்கப் பூஜ்ஜியம் எழுதும் வழக்கம் விண்டோஸில் விஸ்டாவோடுதான் வந்தது. விரைவு ஃபார்மட் இன்றும் பழைய வழியில்தான் போகிறது.

இதற்கு மறுப்பாக ஒருவர் துடைக்கும் நிரல்களைக் காட்டலாம். 1996-இல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக்கட்டுரையை வைத்து, 35 முறை மேலெழுதினால்தான் பத்திரம் என்ற நம்பிக்கை பரவியது. அந்த எண்ணிக்கை பலவகைப் பழைய வட்டுகளுக்கான முறைகளின் மொத்தத் தொகுப்பு என்றும், எல்லாவற்றையும் ஒரே வட்டில் செய்வது பொருளற்றது என்றும் அவரே பின்னர் விளக்கினார். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஒருமுறை முழுக்க மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டியில் மேலெழுதும் வழியே அடைபட்டுவிட்டது. அங்கே ஓர் இடத்தில் எழுதச் சொன்னால் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு வேறோர் இடத்தில் எழுதி, பழையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கிவைக்கும். 2015-இல் ஆப்பிள் குப்பைக் கூடையைப் பாதுகாப்பாகக் காலி செய்யும் தன் வசதியை எடுத்துவிட்டதற்கு, துடைத்ததாக உறுதி கூற முடியவில்லை என்பதே காரணம்.

வலுவான மறுப்பு டிரிம் கட்டளை. விண்டோஸ் 7 வந்த 2009 முதல், கோப்பு விடுவிக்கப்பட்டதும் அந்த இடங்கள் இனி வேண்டாம் என்று இயங்குதளமே எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடுகிறது. கூடையைக் காலி செய்த சிறிது நேரத்தில் மீட்பு நிரல்களுக்குப் பூஜ்ஜியங்கள்தான் கிடைக்கின்றன. அப்படியென்றால் 229-இன் ஆட்சி முடிந்ததா? பாதி முடிந்தது என்பேன். முன்பு உள்ளடக்கம் எவ்வளவு காலம் தங்கும் என்பதை அடுத்த கோப்பு தீர்மானித்தது, இப்போது சில்லு தீர்மானிக்கிறது. இரண்டிலும் தீர்மானிப்பவர் கணினியின் உரிமையாளர் இல்லை. தவறி அழித்தவருக்கு முன்பிருந்த மீட்பு வாய்ப்பும் இப்போது போய்விட்டது. பென் டிரைவ்களிலோ பெரும்பாலும் பழைய நிலைதான்.

இடம் மலிந்துவிட்டதே, எதற்காக அழிக்க வேண்டும் என்றும் கேட்கலாம். இடத்தை மட்டும் பார்த்தால் அது நியாயமே. ஆனால் இன்றைய வீட்டு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடப்பவை ஆதார் பிடிஎஃப், வங்கி அறிக்கை, வில்லங்கச் சான்று, ரத்தப் பரிசோதனை முடிவு. பதிவிறக்கிய ஆதார் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் என்பது ஊரறிந்த விஷயம். இவற்றின் நடுவே, எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருள் நிறுவல் கோப்புகளும் இருக்கின்றன. மறுபடி கிடைக்குமா என்ற ஒரு கேள்வியை வைத்துத்தான் இவற்றைப் பிரிக்க முடியும். கோப்பு எங்கிருந்து வந்தது என்ற குறிப்பை விண்டோஸும் மேக்கும் பல கோப்புகளோடு ஒட்டியே வைக்கின்றன. மேக்கில் கோப்பின் விவரங்களைத் திறந்தால் அந்த இணைய முகவரியைக் காணலாம். நிறுவல் கோப்பு என்றால் தயங்காமல் அழிக்கலாம். சில நாட்களில் காலாவதியாகும் இணைப்பிலிருந்து வந்த ஆவணத்தை முதலில் வேறு ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும்.

உள்ளடக்கத்தையே குறிவைக்கும் வழி ஒன்று உண்டு, அது குறியாக்கம். கணினி வாங்கிய முதல் நாளே விண்டோஸின் பிட்லாக்கரையோ மேக்கின் ஃபைல்வால்ட்டையோ இயக்கிவிட்டால் வட்டில் எழுதப்படுவதெல்லாம் சாவி இல்லாமல் பொருள்படாத எண்கள். சாவியை அழித்தால் வட்டு முழுக்க ஒரே நொடியில் வாசிக்க முடியாததாகிறது. பழைய பாகம் எங்கே ஒதுங்கிக் கிடக்கிறது என்ற கவலை இல்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் தன் வழிகாட்டுதலில் இதை ஏற்கத்தக்க அழிப்பு முறையாகக் குறிப்பிடுகிறது. சாவி தொலைந்தால் குடும்பப் புகைப்படங்களும் போய்விடுமே என்ற அச்சம் நியாயமானது. பிட்லாக்கரின் மீட்புச் சாவி 48 இலக்கம் கொண்டது. அதை ஒரு தாளில் அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைக்க வேண்டும், புகைப்படங்களுக்கு வெளி வட்டில் இன்னொரு பிரதியும், அதுவும் குறியாக்கத்தோடு, இருக்க வேண்டும். கணினியை விற்கும்போது ரீசெட் செய்து சாவியை நீக்கிவிட்டு, அந்தத் தாளையும் கிழித்துப் போடலாம்.