நோன்புச் சந்தையில் ஒரு இடியாப்பக் கடை!

"ஏன்டா, 'கெடாய்'னு போட்டிருக்கே... அப்படின்னா என்ன?"

பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அம்மா கேட்டார். மகன் சிரித்தான். "கடைதாம்மா. நம்ம வார்த்தைதான் இங்க வந்து கெடாய் ஆயிருச்சு!"

கோலாலம்பூருக்கு அம்மா வந்து நான்கு நாள்தான் ஆகிறது. திருச்சி உறையூரைத் தாண்டி அதிகம் போகாதவர். இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாயிற்று. 452 மீட்டர் என்று மகன் சொன்னதற்கு, "கழுத்து வலிக்குது, வா" என்றார். அங்கிருந்து சலோமா பாலத்தில் நடந்தே கம்போங் பாருவுக்குக் கூட்டி வந்தான் மகன். மலாய்க் கல்யாணங்களில் அடுக்கும் வெற்றிலையை நினைவில் வைத்துக் கட்டிய பாலம் என்றதும்தான், அம்மா நின்று நிதானமாகப் பார்த்தார்.

கம்போங் பாரு என்றால் புதுக் கிராமம். பெயர்தான் புதுசு. 1900-ல் மலாய்க்காரர்கள் விவசாயம் செய்து வாழ்வதற்காக ஒதுக்கப்பட்ட இடம். சுற்றிலும் கோபுரங்கள் எழும்பிவிட்ட பிறகும், உள்ளே மர வீடுகளும் வாழை மரங்களும் மிச்சம் இருக்கின்றன. ரமலான் மாதம் வந்தால், சாயங்காலம் இங்கே தெருவே சந்தையாகிவிடும்.

தேங்காய்ப்பாலும் மசாலாவும் தடவி நெருப்பில் வாட்டும் கோழி, குச்சியில் செருகிய சாத்தே, வேர்க்கடலையும் சர்க்கரையும் தூவி மடித்த அப்பம், பிழியப் பிழியக் கரும்புச்சாறு... ஓரிடத்தில் நீல நிறத்தில் சோறு! "சங்குப்பூவில ஊறின நிறம்மா" என்றான் மகன். பக்கத்துக் கடையில் பச்சைக் கீரைக் கட்டுகள். "அட, இது வல்லாரை!" என்று அம்மா கையில் எடுத்தே விட்டார். இங்குள்ள பள்ளிவாசலில் தினமும் கஞ்சி காய்ச்சி இலவசமாகக் கொடுப்பார்கள் என்றான் மகன். "நம்ம தெரு பாய் வீட்டு நோன்புக் கஞ்சி மாதிரியா?" என்றார் அம்மா.

அடுத்த கடையில் அம்மாவின் கால் தானாக நின்றது.

வெள்ளை வெளேரென்று இடியாப்பம். மேலே தேங்காய்த் துருவல், ஓரத்தில் பழுப்புச் சர்க்கரை. 'புத்து மாயம்' என்றது பலகை. முக்காடு போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

மகன் மௌனமானான்.

உறையூர் வீட்டு வாசலில் அம்மா பதினெட்டு வருஷம் இடியாப்பம் விற்றவர். அப்பா போன பிறகு, அந்த அச்சுதான் மகனை இன்ஜினீயர் ஆக்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது போனில் சொன்னான்: "பெண் வீட்டுக்காரங்க வரும்போது வாசல்ல கடை இருந்தா நல்லாவா இருக்கும்?" அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே அச்சு பரணுக்குப் போனது.

"நூல் நல்லா மெலிசா விழுந்திருக்கு. ஒண்ணு தின்னு பார்க்கவா?"

"இரும்மா. அவங்க நோன்பு. பாங்கு சொல்லட்டும்."

அம்மா கடைக்காரரையே பார்த்தார். "அப்போ உப்புகூடப் பார்க்காமலா இவ்வளவும் செஞ்சிருக்கு? கை பழகிருச்சுன்னா அப்படித்தான்."

7.30 மணி நெருங்கியது. பாங்கு ஒலித்தது. பரபரத்த தெரு சட்டென்று அடங்கியது. கடைக்கார அம்மாள் ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்தார். பிறகு, அங்கேயே நின்றுகொண்டிருந்த அம்மாவிடம் ஒரு இடியாப்பத்தை நீட்டினார். "காக், மாக்கான்" என்றார். அக்கா, சாப்பிடுங்க!

காசு கொடுக்கப் போன மகனின் கையைத் தடுத்துவிட்டு, மலாயில் ஏதோ கேட்டார். அவன் ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு பதில் சொன்னான். அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. சட்டென்று அம்மாவின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அச்சைத் திருகித் திருகிக் காய்த்துப்போன இடம். தன் கையையும் விரித்துக் காட்டினார். அதே இடத்தில், அதே காய்ப்பு.

இருவரும் சிரித்தார்கள்.

திரும்பி நடக்கும்போது அம்மா கேட்டார். "என்னடா கேட்டுச்சு அந்தம்மா?"

"உங்கம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டாங்க. எங்கம்மாவும் புத்து மாயம்தான்னு சொன்னேன்."

"வித்தாங்கன்னு சொன்னியா, விக்கிறாங்கன்னு சொன்னியா?"

"மலாய்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாம்மா."

"தமிழ்ல ரெண்டு இருக்கே!"

பாலத்தின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மகன் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. ஊருக்குப் போனதும் பரண்ல இருந்து அச்சை இறக்கு. துரு பிடிச்சிருந்தா புதுசு வாங்கிக்கலாம்."

"துருவெல்லாம் பிடிக்காது" என்றார் அம்மா. "மாசா மாசம் எண்ணெய் போட்டுத் துடைச்சுதான் வெச்சிருக்கேன்."