கயிற்றின் மேல்முனையில் இருப்பவர்

எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், அகபா வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது தஹாப். ஒரு காலத்தில் பெதுவின் மக்களின் மீன்பிடிக் கிராமம். இன்று மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கக் கற்பவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து சேரும் ஊர். காரணம், ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் 'ப்ளூ ஹோல்' என்ற நீலக் குழி. கரையிலிருந்து சில எட்டு வைத்தால் காலுக்குக் கீழே தரை காணாமல் போய்விடும். ஆழம் ஏறத்தாழ 100 மீட்டர். படகு வேண்டாம், அலை குறைவு, தண்ணீரோ தெளிவு. மிதவையிலிருந்து ஒரு கயிறு நேராகக் கீழே தொங்கும். வகுப்பறை அதுதான்.

முதுகில் சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் போய்த் திரும்பும் இந்த விளையாட்டுக்கு ஃப்ரீடைவிங் என்று பெயர். 1992-ல் பிரான்சில் தோன்றிய ஐடா என்ற சர்வதேச அமைப்பு படிப்படியாகச் சான்றிதழ்கள் தருகிறது. அதில் நான்காம் படிதான் தேர்ந்தவர்களுக்கானது. நீரில் அசையாமல் மிதந்தபடி 3 நிமிடம் 30 விநாடி மூச்சடக்க வேண்டும். கடலில் 30 மீட்டரைத் தாண்டி இறங்கி, சொந்தக் காலால் நீந்தி மேலே வர வேண்டும். கேட்பதற்கு மலைப்பாக இருக்கும். ஆனால், முறையாகப் பழகும் ஆரோக்கியமான பலருக்கு இவை எட்டக்கூடிய எண்கள்தான். தேர்வின் கடினம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் மூச்சு. நெஞ்சு முட்டுவதற்குக் காரணம் பிராண வாயு தீர்ந்துபோவது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் மூளையை உசுப்புவது, உள்ளே சேர்ந்துகொண்டே போகும் கரியமில வாயு. கொஞ்ச நேரத்தில் உதரவிதானம் தானாக வெட்டி வெட்டி இழுக்கும். பழகாதவர் அந்த இடத்திலேயே பயந்து எழுந்துவிடுவார். பழகியவருக்கு அது கடிகாரம் மாதிரி: இன்னும் இருப்பு இருக்கிறது என்று தெரியும். உடம்பும் ஒத்துழைக்கிறது. முகம் நீரில் பட்டதும் இதயத் துடிப்பு மெதுவாகிறது. கை, கால்களுக்குப் போகும் ரத்தம் குறைந்து இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சப்படுத்தப்படுகிறது. மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடுகிறது. சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் இருக்கும் அதே ஏற்பாடு, சிறிய அளவில்.

இது தெரியாத காலத்தில் மருத்துவம் வேறு கணக்குப் போட்டது. 10 மீட்டரில் நுரையீரலில் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. 30 மீட்டரில் கால்பங்கு. அதற்கும் கீழே போனால் மார்புக்கூடு நொறுங்கும் என்றார்கள். 1949-ல் இத்தாலிய விமானப்படை அதிகாரி ரைமண்டோ பூக்கர் பந்தயம் கட்டி 30 மீட்டர் இறங்கி உயிரோடு வந்தார். 1976-ல் ழாக் மயோல், பளுவின் துணையோடு, எல்பா தீவருகே 100 மீட்டரைத் தொட்டார். சுருங்கும் நுரையீரலின் இடத்தை நெஞ்சுக்குள் வந்து தேங்கும் ரத்தம் ஈடுகட்டுகிறது என்பது இப்போது தெரியும்.

மார்பு விட்டுக்கொடுத்தாலும் காது விட்டுக்கொடுக்காது. நான்காம் படிக்கு வருகிறவர்களில் பலரை வாரக்கணக்கில் தடுத்து நிறுத்துவது காதுதான். விமானத்தில் செய்வதுபோல மூக்கைப் பிடித்து நெஞ்சிலிருந்து காற்றைத் தள்ளினால் முதல் சில மீட்டர்களுக்குச் செவிப்பறை சமாதானமாகும். தலைகீழாக, ஆழத்தில், நுரையீரல் சுருங்கிய நிலையில் நெஞ்சு அந்தக் காற்றைத் தராது. அப்போது நாக்கைப் பம்ப்பின் தண்டாக மாற்ற வேண்டும். தொண்டையை மூடி, வாயில் இருக்கும் காற்றை நாக்கின் பின்பகுதியால் செவிக்குழாய்க்குள் அழுத்த வேண்டும். இன்னும் கீழே போகிறவர்கள், போகும் வழியிலேயே கன்னம் நிறையக் காற்றை ஏற்றிக்கொண்டு, அதைச் சிறுகச் சிறுகச் செலவழிக்கிறார்கள். ஒரு சிரிப்பு வந்தால், ஒருமுறை விழுங்கினால், அத்தனையும் போய்விடும். தன் வாய்க்குள் இத்தனை கதவுகள் இருப்பது அதுவரை யாருக்கும் தெரிந்திருப்பதில்லை. பலசாலிகள் இந்த இடத்தில் திணறுவதும், சாதுவான, பொறுமைசாலியான ஆசாமிகள் நழுவிப் போய்விடுவதும் பயிற்சியாளர்களுக்குப் பழகிய காட்சி.

சுமார் 20 மீட்டருக்குக் கீழே உடம்பு மிதப்பை இழந்துவிடும். காலை அடிக்காமலே கல்போல இறங்கலாம். இந்த இறக்கத்தை அனுபவித்தவர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். 1988-ல் வந்த லூக் பெஸ்ஸோனின் 'தி பிக் ப்ளூ' படம் மொத்தமும் இந்த மயக்கம்தான். மயோலின் வாழ்க்கையைத் தளர்வாகத் தழுவிய அந்தப் படம், ஆழத்தைத் தனிமையின் கோயிலாகக் காட்டியது. அழகான படம், மோசமான பாடம்.

ஏனென்றால் ஆபத்து கீழே இருப்பதைவிட மேலே அதிகம். ஆழத்தில் நீரின் அழுத்தம், குறைந்துவிட்ட பிராண வாயுவைக்கூட ரத்தத்துக்குள் திணித்துக் கொடுக்கிறது. மேலே வரவர அழுத்தம் தளர்கிறது. கடைசிப் பத்து மீட்டரில் இருப்பு சடாரென்று சரிகிறது. நினைவு தப்புவது பெரும்பாலும் இங்கே, அல்லது தலை வெளியே வந்து சில விநாடிகள் கழித்து. வலி கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது. இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கி விடுபவர்களுக்கு இன்னும் மோசம். கரியமில வாயு வெளியேறிவிடுவதால், எச்சரிக்கை மணியையே கழற்றி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

துணை ஒருவர் இருந்தால், உடனே செயல்பட்டால், மயங்கியவர் பெரும்பாலும் கண் விழித்துவிடுவார். முகத்தைப் பிடித்து, வாயும் மூக்கும் மூடியிருக்கும்படி மேலே கொண்டுவர வேண்டும். முகமூடியை அகற்ற வேண்டும். கண்ணருகே ஊத வேண்டும், கன்னத்தில் தட்ட வேண்டும், பெயர் சொல்லி 'மூச்சு விடு' என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். தனியாக இருந்தால் அதே மயக்கம் மரணம்.

நம் ஊருக்கு இது புதிய பாடமல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் காலில் கொண்டு இறங்கியபோது, கயிற்றின் மறுமுனை படகில் ஒருவர் கையில் இருந்தது. கயிறு அசைந்தால் இழுக்க வேண்டியது அவர் பொறுப்பு. அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பார்கள், தன் அக்காள் தங்கை தாலி இழக்க அவன் விடமாட்டான் என்று கடலோரத்தில் சொல்லும் வழக்கம் உண்டு. எத்தனை படகில் மச்சான் இருந்தாரோ! ஆனால், கயிறு யார் கையில் என்பது உறவுமுறை வரை யோசிக்க வேண்டிய விஷயமாக இருந்திருக்கிறது.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயரே சாட்சி. ரஷ்யாவின் நடாலியா மொல்சனோவா நாற்பதை ஒட்டிய வயதில்தான் இதில் இறங்கினார். 2009-ல் சொந்தக் காலால் நீந்தி 100 மீட்டரைக் கடந்த முதல் பெண் ஆனார். 2013-ல் அசையாமல் 9 நிமிடம் 2 விநாடி மூச்சடக்கினார். 2015 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் ஃபொர்மென்டேரா தீவருகே, சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போன இடத்தில், தான் மட்டும் இறங்கினார். அவருக்கு அது அற்ப ஆழம். திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

இரண்டாவது சாட்சி அதே நீலக் குழி. அதன் ஒரு பக்கத்தில், சுமார் 55 மீட்டர் ஆழத்தில், வெளிக்கடலுக்குத் திறக்கும் பாறை வளைவு இருக்கிறது. 2017 ஜூலையில் இத்தாலியின் அலெஸ்ஸியா ஜெக்கினி ஒரே மூச்சில் அதைக் கடந்தார். மறுபக்கத்தில் தொங்கிய கயிறு கண்ணில் படவில்லை, திசை தப்பினார். காவலுக்கு இருந்தவர் அயர்லாந்துக்காரர் ஸ்டீபன் கீனன், 39 வயது. தஹாபில் பயிற்சிப் பள்ளி நடத்தியவர், பெரிய போட்டிகளில் பாதுகாப்புக் குழுவின் தலைவர். தேடிப் பிடித்து அவரை மேலே கொண்டுவந்தார். ஜெக்கினி பிழைத்தார். கீனன் நீர்மட்டத்தருகே மயங்கி, சற்றுத் தள்ளி முகம் கவிழ மிதந்துகொண்டிருந்தார், காப்பாற்ற முடியவில்லை. ஆழத்தில் அவர் மூச்சு எதற்காகச் செலவானதோ, அதற்காகத்தான் நான்காம் படியில் மீட்புப் பயிற்சி அவ்வளவு கறாராக நடக்கிறது.

அந்தப் பயிற்சியைப் பார்த்தால் பெருமைக்குரிய எதுவும் தெரியாது. ஒருவர் மயங்கியவராக நடித்துக் கயிற்றோரம் தளர்ந்து தொங்குவார். இன்னொருவர் மேலிருந்து இறங்கி, தாடையைப் பிடித்து, மூச்சுத் தவிப்பைப் பொறுத்துக்கொண்டு உதைத்து உதைத்து ஏற்றுவார். மேலே வந்ததும், தான் மூச்சு வாங்கும் முன் அடுத்தவர் முகமூடியைக் கழற்ற வேண்டும். கை பிசகினால் மறுபடியும். முடிந்து எழுந்தவர் 'நன்றாக இருக்கிறேன்' என்று சைகை காட்டினாலும் கூட இருப்பவர் அரை நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. ஆழ எண்ணைத் தொட்டுவிட்டு இதில் தோற்றுப்போகிறவர்கள் எரிச்சலடைவார்கள். கையில் ஸ்டாப் வாட்சுடன் மிதவையருகே நிற்கும் பயிற்சியாளர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கயிற்றைச் சரிசெய்துவிட்டு, அதே ஜோடியை மறுபடி இறக்குவார்.