கேஸ் என்னவென்று முதலில் கேட்காதீர்கள்

சட்டம் படிக்கும் பிள்ளைகளே, சட்ட உதவி மையத்தின் சார்பில் முதன்முதலாகப் பெண்கள் சிறைக்குள் போகப்போகிறீர்கள். புழலிலும் வேலூரிலும் கட்சிக்காரர்களைப் பார்த்தே தலை நரைத்தவள் நான். போவதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்த எடுப்பில் என்ன கேஸ் என்று யாரிடமும் கேட்காதீர்கள். அதுதான் கேஸ் கட்டில் எழுதியிருக்கிறதே, படித்துக்கொள்ளலாம். வருஷக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள்கூடப் புதிதாக வந்தவளிடம் முதல் சில நாட்களுக்கு அதைக் கேட்பதில்லை. ரிமாண்ட் ஆகி வருகிறவளுக்கு முதல் ராத்திரி தூக்கம் வராது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சாயங்காலமே எண்ணிக்கை எடுத்துப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் என்றால் அந்த நேரத்துக்குத்தான் அவள் உலை வைப்பாள். சோற்றைத் தொடாமல் சுவரோரம் உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு மூத்தவள் வருவாள். "இந்தாடி, இது உன் தட்டு, இது உன் டம்ளர். தண்ணி விடியக்காலையில வரும், நான் எழுப்புறேன்." அவ்வளவுதான் பேச்சு. பத்து நாளில் அந்த மூத்தவள் இவளுக்கு அக்காவாகியிருப்பாள்.

உறவு கொண்டாடுவது அங்கே பொழுதுபோக்கு அல்ல. ஆண்கள் சிறையில் மனு போட்டுக் கைதியைப் பார்க்கும் இடத்தில் போய் நின்று பாருங்கள். பெண்டாட்டி, அம்மா, தங்கை என்று பிஸ்கட் பாக்கெட்டும் கையில் குழந்தையுமாகக் கூட்டம் அலைமோதும். பெண்கள் பக்கம் அந்தக் கூட்டம் இருக்காது. புருஷன் ஜெயிலுக்குப் போனால் பெண்டாட்டி நகையை அடகு வைத்து வக்கீல் பிடிப்பாள். பெண்டாட்டி போனால் அவள் பெயரையே வீட்டில் எடுப்பதில்லை. தேடி வர ஆளில்லாதவளுக்குச் சோப்பும் எண்ணெயும் வாங்கித் தர, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க, உள்ளேயே ஒரு குடும்பம் வேண்டியிருக்கிறது. வரதட்சணைக் கேஸில் வந்த ஒரு மாமியாருக்கு, புருஷனைக் கொன்றதாக வந்த மருமகள் வயதுப் பெண் சிக்கெடுத்துப் பின்னிவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதை வைத்து உள்ளே எல்லாரும் ஒரு தாய் மக்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சிறைக் கணக்கில் பணம் உள்ளவளின் துணியைப் பணமில்லாதவள் துவைப்பாள். குழாயடியில் முடியைப் பிடித்துச் சண்டை வரும். பெற்ற பிள்ளையைக் கொன்றதாக வந்தவள் பக்கத்தில் பாய் விரிக்க ஆள் வராது. சாதி வெளியிலேயே நின்றுவிடுவதில்லை. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரித்துக் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல்தான் தீர்ப்புச் சொன்னது.

ஆறு வயது வரை குழந்தை தாயோடு உள்ளே இருக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம் 2006இல் வகுத்த விதி. நான் போன சிறை ஒன்றில் அப்படி ஒரு பெண் குழந்தை புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தது. வார்டன் அம்மா எண்ணிக்கை எடுக்கும் விளையாட்டு. அதற்கு ஐந்து வயது தாண்டியிருந்தது. அதன் தாய் ராத்திரிகளில் குழந்தையை வேறு வேறு அத்தைகளிடம் படுக்கவிட ஆரம்பித்திருந்தாள். ஏன் என்றேன். "நான் இல்லாம தூங்கிப் பழகணும்ல மேடம்" என்றாள்.

இதையும்தான் 'சிறை வாழ்க்கைக்குப் பழகிவிட்டார்' என்று எழுதுகிறார்கள். தையல் கற்கிறாள், பொங்கலுக்குக் கோலம் போடுகிறாள், சிரித்துப் பேசுகிறாள், ஆகவே நன்றாக இருக்கிறாள் என்று குறிப்பு எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பிழைத்துக் கிடக்க அவள் தேடிக்கொண்ட வழி அது. அதைக் காட்டி அவள் வழக்கை ஆற அமரப் பார்க்கலாம் என்று நினைப்பது அநியாயம்.

சுதந்திரப் போராட்ட வீரர் துர்காபாய் தேஷ்முக் 1930களின் தொடக்கத்தில் உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேலூர் சிறைக்குப் போனபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது, ஏறக்குறைய உங்கள் வயதுதான். எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்றே தெரியாத பெண்களை அங்கே கண்டார். அவர் பிற்பாடு சென்னையில் சட்டம் படித்ததற்கு அதுவே காரணம். அப்படிப்பட்ட பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். வாய்தா தேதி மட்டும் தெரியும், எந்தப் பிரிவில் வழக்கு என்பது தெரியாது. வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கும் காவலில் இருப்பவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை அவளிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவைத் தலைகீழாகப் படித்துவிட்டுப் போங்கள். முன்பு தண்டனை பெறாதவள், தன்மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் வெளியே விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. யார் யாருக்கு நாள் நெருங்குகிறது என்று அவரிடம் கேளுங்கள்.

ஜாமீன் உத்தரவு கைக்கு வந்த பிறகும் சூரிட்டி கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. ஆகவே அவளிடம் பேசும்போதே, ஊரில் யார் பெயரில் வீடு வாசல் இருக்கிறது, யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். தம்பி, சித்தி, கூட வேலை பார்த்தவள் என்று யாராவது ஒருத்தர் தேறுவார். போனில் கேட்டால் மழுப்புவார்கள். பஸ் ஏறி நேரில் போங்கள்.